திரிதலும் திரும்புதலும்

மாலை ஆறு மணிக்கு மேல் நம் குடியிருப்பின் தெருக்களில் நடந்து வருகிறவர், ஒரே வசவை இரண்டு மொழிகளில் கேட்கலாம். பள்ளி விட்டும் நேரே வீடு வந்து சேராத மகனை ஒரு வாசலில் நிறுத்தி, "எங்கேடா திரிஞ்சுட்டு வர்றே?" என்று தமிழ்த் தாய் கேட்கிறாள். அவனோடு கூடவே வந்த பையனை அடுத்த வாசலில் நிறுத்தி, "எல்லி திருகாடிகொண்டு பந்தெ?" என்று கன்னடத் தாய் கேட்கிறாள். இருவரும் போய்வந்த இடம் ஒன்றே. கபிலை ஆற்றின் கரை. இருவரும் சொல்லும் விடையும் ஒன்றே. "எங்கேயும் போகவில்லை" என்பது. ஆண்டு விழா மலருக்கு வரலாறு குறித்து ஏதேனும் எழுதுக என்று சங்கத்தார் பணித்தபோது, அரசர்களையும் போர்களையும் விட்டுவிட்டு இந்த வசவின் வரலாற்றை எழுதினால் என்ன என்று நமக்குத் தோன்றிற்று. வேற்றூரில் வந்து வாழ்கின்ற நம்மை நேரே தொடுகின்ற சொல் அது.

நோக்கமின்றி நடப்பவனைக் கடிந்துகொள்ளத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஊர் சுற்றுகிறான், நாயாய் அலைகிறான், பேயாய் உழல்கிறான், வீதி அளக்கிறான், ஊர் மேய்கிறான், தறிகெட்டுத் திரிகிறான் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் பல, மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். மேய்வது மாடு. தறி என்பது மாட்டைக் கட்டுகின்ற முளை; கட்டுத்தறி என்று சொல்கிறோம் அல்லவா? கட்டுத்தறியை விட்டு அகன்ற மாடுதான் தறிகெட்டது. ஒருவனைத் தறிகெட்டவன் என்று ஏசும்போது, மனிதனுக்கும் ஒரு முளை உண்டு, அதில் அவன் கட்டுண்டு கிடத்தலே முறை என்று நாம் ஒப்புக்கொண்டு விடுகிறோம். அம்முளை எது என்பதில்தான் வழக்கெல்லாம் பிறக்கிறது.

இனித் திரிதல் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். இதற்கு அலைதல் என்பது ஒரு பொருளே. மாறுதல் என்பது மற்றொரு பொருள். பால் திரிந்துபோயிற்று என்று வீட்டில் சொல்கிறோம். பள்ளியில் புணர்ச்சி இலக்கணம் படித்தவர்கள் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களையும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே ஓர் எழுத்து வேறோர் எழுத்தாக மாறுவதுதான் திரிதல். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். பயின்ற வழக்கினின்று மாறிச் செய்யுளில் வழங்குவதைத் திரிசொல் என்றார். ஆகவே திரிதல் என்னும் சொல்லுக்குள் இழிவு ஏதும் இயல்பாக இல்லை. நின்ற நிலையினின்று பெயர்தல், அதனால் வேறொன்றாதல் என்பதே அதன் உட்பொருள். வெளியூர் போய்ப் பத்தாண்டு கழித்துச் சொந்த ஊருக்கு வந்தவனைப் பார்த்து, "ஆளே மாறிவிட்டானே" என்று ஊரார் சொல்வதில்லையா? அலைந்தவன் மாறுகிறான் என்பதை ஒரே சொல்லில் அடக்கி வைத்தவர்கள் நம் முன்னோர்.

இன்னும் உள்ளே சென்று பார்ப்போம். முறுக்கப்படுவது விளக்குத் திரி. சுற்றிச் சுற்றி மாவரைக்கும் கல், திரிகை. முறுக்கும் செயல் திருகுதல். பாதை வளையும் இடம் திருப்பம். புறப்பட்ட இடத்தை நோக்கி வருதல் திரும்புதல். பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவரும் திராவிட மொழிகளின் சொற்பிறப்பகராதியை 1961-ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, இச்சொற்களையும் இவற்றின் கன்னட, தெலுங்கு, மலையாள உறவுகளையும் ஒரே வேரின்கீழ்த் தொகுத்து வைத்தனர். சுழலுதல் என்பதே அவ்வேரின் அடிப்படைப் பொருள். சுழன்று போவது திரிதல் ஆயிற்று. சுழன்று வருவது திரும்புதல் ஆயிற்று.

கன்னடம் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே 'திருகு' என்னும் ஒரே சொல் சுழலுதலையும் அலைதலையும் திரும்புதலையும் ஒருங்கே குறிக்கும். 'திருகி' என்றால் மறுபடியும் என்று பொருள். கடைத்தெருவில் பொழுதுபோக்காக உலாவுவது திருகாட. இதே குடும்பத்தில் 'திரி' என்பதற்கு அங்கே இரந்துண்ணல் என்னும் பொருளும் உண்டு. வீடு வீடாகச் சென்று பெறும் பிச்சை திருபெ, பெறுபவன் திருக. சித்திரதுர்க்கா மாவட்டத்தில் மல்லாடிஹள்ளி ஆசிரமத்தை நடத்திய இராகவேந்திர சுவாமிகள், தாம் எழுதிய நூல்களில் 'திருக' என்றே புனைபெயர் வைத்துக்கொண்டார். பிச்சைக்காரன் என்று பொருள்படும் பெயரை விரும்பிச் சூடியவர் அவர். நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் அப்பெயரால் அழைத்தால் அண்டை வீட்டார் வருந்துவார்கள்!

ஒரே நடையை யார் நடக்கிறார்கள் என்பதைப் பார்த்தே நம்மவர் பெயரிட்டு வந்திருக்கின்றனர். அரசன் வீதியில் வலம் வந்தால் அது உலா. ஒட்டக்கூத்தர் சோழர் மூவர்மீது மூவருலாவே பாடினார். இறைவன் புறப்பட்டால் எழுந்தருளுதல். பெரிய மனிதர் மாலையில் நடந்தால் காற்று வாங்குதல். பொருளுள்ளவன் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய்ப் பணத்தைச் செலவிட்டு வந்தால் சுற்றுலா. இது இருபதாம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த சொல். கையில் காசில்லாதவன் அதே வீதியில், அதே வேளையில், அதே வேகத்தில் நடந்தால் மட்டும் அது திரிதல். காலில் வேற்றுமை இல்லை, மடியில்தான் வேற்றுமை.

பழங்காலத்தில் இவ்வேற்றுமை இவ்வளவு கூர்மையாக இருந்ததாகத் தோன்றவில்லை. சங்க காலத்துப் பாணரும் விறலியரும் கூத்தரும் பொருநரும் நிலையான ஊர் இல்லாதவர்கள். யாழும் முழவும் சுமந்து ஊர்விட்டு ஊர் சென்றவர்கள். அவர்களைத் தமிழ்ப் புலவர்கள் வைத த்தில்லை. அவர்களுக்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்தார்கள். பரிசில் பெற்று வருகின்றவன், வறுமையோடு எதிரே வருகின்றவனை நிறுத்தி, இன்ன வழியாகச் செல், வழியில் இன்னின்ன நிலங்களும் இன்ன மக்களும் இருப்பார்கள், இன்ன உணவு கிடைக்கும், முடிவில் இன்ன வள்ளல் இருக்கிறான் என்று கூறுவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் செம்பாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகளே. அலைகின்றவனுக்கு வழிசொல்வதையே இலக்கியமாக்கிய மொழி நம்முடையது. பின்னாளில் அந்நூல்கள் மறைந்து கிடந்தபோது அவற்றை மீட்டவரும் ஒரு வகையில் அலைந்தவரே. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடி தேடி எத்தனை ஊர்களில், எத்தனை வீட்டுப் பரண்களுக்குக் கீழே நின்றார் என்பதை அவருடைய எழுத்துகளைப் படித்தவர்கள் அறிவார்கள். பத்துப்பாட்டு 1889-லும் புறநானூறு 1894-லும் அச்சேறியது அந்த அலைச்சலின் பயனே.

நாடோடி என்னும் சொல்லின் கதையும் வேடிக்கையானது. மனிதனைக் குறிக்கும்போது அது தாழ்வு. அவன் வாயிலிருந்து பிறந்த பாட்டைக் குறிக்கும்போது அது உயர்வு. கி. வா. ஜகந்நாதன் போன்றோர் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் திரட்டிய நாளில் நாடோடிப் பாடல், நாடோடி இலக்கியம் என்றே அவற்றுக்குப் பெயர். வடக்கே ராகுல் சாங்கிருத்தியாயன் என்னும் பேரறிஞர், ஊர் சுற்றுவதே மனிதன் செய்யத்தக்க உயர்ந்த தொழில் என்று ஒரு நூலே எழுதினார். அது தமிழில் 'ஊர்சுற்றிப் புராணம்' என்னும் பெயரில் வந்தது. வசவுக்குப் பின்னே புராணம் என்று ஒட்டியவுடன் அதற்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது! ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய படத்துக்காகப் பல நாடுகளில் துணுக்குகள் தேடிச் சேர்த்தவர். அவருடைய பயண நூலின் பெயர் 'உலகம் சுற்றும் தமிழன்'. உலகம் சுற்றினால் பெருமை, ஊர் சுற்றினால் சிறுமை என்பது எந்தக் கணக்கில் சேரும் என்று நமக்கு விளங்கவில்லை.

இவை எல்லாவற்றினும் பெரிய வீழ்ச்சியை அடைந்த சொல் பரதேசி. பரதேசம் என்றால் பிறநாடு. அங்கிருந்து வந்தவன் பரதேசி. தென்னாட்டு வணிகக் குழுவினரின் கல்வெட்டுகளில் சுதேசி, பரதேசி, நானாதேசி என்பன வணிகர்களைக் குறிக்கும் மதிப்பான பெயர்கள். இவ்வணிகருள் தலைசிறந்தவர் திசையாயிரத்து ஐந்நூற்றுவர். கன்னட நாட்டின் ஐஹொளெ என்னும் ஊரைத் தம் மூல இடமாகப் போற்றியவர்கள் அவர்கள். ஆயினும் சுமத்திரா தீவின் பாருசில் 1088-ஆம் ஆண்டில் அவர்கள் நாட்டிய கல்வெட்டு தமிழில் இருக்கிறது. பர்மாவின் பகான் நகரில் நானாதேசி விண்ணகர் என்னும் பெயரில் திருமால் கோயில் ஒன்று இருந்தது. மலைமண்டலத்து வணிகர் ஒருவர் அதற்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்த செய்தியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுக் கூறுகிறது. கன்னட நாட்டில் வேர், தமிழ்ச் சொல், பர்மாவில் கோயில் என்னும் இவ்வமைப்பை நினைக்கும்போது, மாநில எல்லையை ஒரு மலைபோல் கருதும் நம் இன்றைய பழக்கம் சிறுபிள்ளைத்தனமாகப் படுகிறது.

வணிகர்க்கு மட்டும் அன்று. வெறுங்கையோடு வழிநடந்தவர்க்கும் அக்காலத்தில் சோறு இருந்தது. தேசாந்தரம் செல்பவன் தேசாந்திரி. தேசாந்திரிகளுக்கும் புதிதாக ஊருக்குள் வரும் அபூர்விகளுக்கும் சோறிடுவதற்கென நிலம் விட்ட செய்திகள் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் உள. பின்னாளில் தஞ்சை மராட்டியர் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினர். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் 1802-இல் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பெயர் பெற்றது. நீ எதற்காக வந்தாய் என்று கேளாமல் இலைபோடுவதே சத்திரத்தின் அறம்.

அப்படி இருந்த பரதேசி, சத்திரங்கள் குறையக் குறையப் பிச்சைக்காரன் ஆனான். பிறகு வெறும் வசவானான். கேரளத்தில் அச்சொல் பழைய பொருளோடு நின்றுவிட்டது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் யூதர் கட்டிய தொழுகைக் கோயிலுக்குப் பரதேசி சினகாக் என்றே பெயர். வெளிநாட்டினின்று வந்த யூதருடையது என்பதே பொருள். இழிவு ஒன்றும் இல்லை. நம்மிடையே 2013-இல் பாலா எடுத்த 'பரதேசி' என்னும் திரைப்படம், தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிச் செல்லப்பட்டுத் திரும்ப வழியின்றி மாண்ட தமிழர்களைக் காட்டிற்று. டாக்டர் டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் பெயர்க்கப்பட்ட நாவல் அதற்கு அடிப்படை. படத்தைப் பார்த்துவிட்டு வந்த இரவு, நம் வீட்டில் யாரும் யாரையும் அச்சொல்லால் வையவில்லை என்பது நினைவிருக்கிறது.

சொல் இழிந்தால் மனம் புண்படும், அவ்வளவே. சட்டம் அச்சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே சான்று உண்டு. மொரீசியஸ் தீவின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1834-ஆம் ஆண்டு முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினர். 1910 வரை ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் சென்றனர். வங்கத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் சென்றவர்களோடு சென்னைத் துறைமுகத்தின் வழியாகச் சென்ற தமிழர்களும் தெலுங்கர்களும் பலர். ஒப்பந்தம் ஐந்தாண்டு. அது முடிந்தவர்கள் சட்டப்படி உரிமை மனிதர். அவர்களுட் சிலர் காய்கறி பயிரிட்டனர். சிலர் தலைச்சுமையாகப் பண்டம் விற்றனர். சிலர் நல்ல கூலி தேடித் தோட்டம் தோட்டமாகப் போயினர். தோட்டக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. தமக்கு வேலை செய்யாத கால்கள் எல்லாம் அவர்கள் கண்ணுக்குத் திரியும் கால்கள் ஆயின. 1867-இல் அங்கே ஒரு சட்டம் பிறந்தது. அதன்படி ஒப்பந்தம் முடிந்த ஒவ்வொருவரும் தம் புகைப்படம் ஒட்டிய சீட்டு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி எப்போதும் வைத்திருத்தல் வேண்டும். எந்த மாவட்டத்தில் குடியிருக்கிறாரோ அந்த மாவட்டத்துப் போலீஸ் பாசும் வேண்டும். அதைக் காட்டத் தவறினாலும், பாசு இன்றி மாவட்ட எல்லையைக் கடந்தாலும், வேலை ஏதும் இல்லாமல் காணப்பட்டாலும் 'திரிபவர்' என்று பிடித்துக்கொண்டு போவார்கள். அடைத்து வைப்பதற்கென்றே தனிக் கொட்டடி இருந்தது. பெண்டிரைப் பார்க்கப் போனவன், சந்தைக்குப் போனவன், சீட்டைச் சட்டைப்பையில் வைக்க மறந்தவன் எல்லாரும் திரிபவர்களே. போலீசார் இவர்களைத் தேடிப் பிடித்ததை வேட்டை என்றே அந்நாளில் குறிப்பிட்டனர்.

இக்கொடுமைக்கு எதிராக அடோல்ப் தெ பிளெவிட்ஸ் என்னும் வெள்ளையர் ஒருவர் 1871-இல் ஒரு விண்ணப்பம் தயாரித்தார். பழைய குடியேறிகள் 9,401 பேர் அதில் ஒப்பமிட்டனர். இராஜரத்தின முதலியார் என்னும் தமிழர் அவருக்குத் துணை நின்றார். தோட்டக்காரர்கள் பிளெவிட்சை நாட்டை விட்டு அனுப்ப வேண்டும் என்று கூச்சலிட்டனர். ஆயினும் 1872-இல் அரச ஆணைக்குழு வந்து விசாரித்தது. 1875-இல் வெளியான அதன் அறிக்கை இவ்வேட்டையைக் கண்டித்தது. சட்டம் 1878-இல் திருத்தப்பட்டது.

இதில் ஒரு விந்தை உண்டு. திரியாதே என்று தடுப்பதற்காக எடுத்த அப்புகைப்படங்களும் அவற்றோடு எழுதி வைத்த ஊர்ப் பெயர்களும் இன்று மொரீசியசின் மோக்காவில், மகாத்மா காந்தி நிலையத்தின் காப்பகத்தில் உள்ளன. அவர்களுடைய பேரரும் கொள்ளுப்பேரரும் அப்பதிவேடுகளைப் புரட்டித் தம் மூதாதையர் எந்த ஊரிலிருந்து புறப்பட்டனர் என்று தேடுகின்றனர். திரிதலுக்கு வைத்த பூட்டே திரும்புதலுக்குத் திறவுகோல் ஆகியிருக்கிறது.

இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. கடன் தீர்ந்தது என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதத் துண்டு இன்றேல், ஒரு தோட்டத்து ஆள் மறு தோட்டத்தில் வேலை பெற முடியாது. 1921-இல்தான் அது ஒழிந்தது.

தாய்நாட்டிலும் நிலைமை வேறன்று. கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பும், உள்நாட்டிலிருந்து கரைக்குத் தானியமும் பொதிமாட்டின்மேலும் கழுதையின்மேலும் ஏற்றிச் சென்று பிழைத்த குறவர் மக்கள் தமிழ்நாட்டில் இருந்தனர். மைசூர்ச் சீமையில் அவர்களுக்குக் கொரசர், கொரமர் என்று பெயர். சங்க நூல்களில் வரும் உமணர்களின் தொழில்தான் அது. சாலையும் ரயிலும் வந்து, உப்பு வணிகம் அரசாங்கத்தின் பிடிக்குள் சென்ற பின்னர், அவர்கள் தொழில் போயிற்று. நடை மட்டும் மிஞ்சியது. தொழில் போய் நடை மிஞ்சியவனைச் சட்டம் குற்றவாளி என்றது. 1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1911 முதல் நடைமுறைக்கு வந்து இவர்களையும் வளைத்துக்கொண்டது. பிறக்கும்போதே குற்றவாளி என்று கைரேகை பதித்த அச்சட்டம் 1952 ஆகஸ்டு 31-இல்தான் நாடெங்கும் நீங்கியது. தமிழ்நாட்டில் அவ்வாறு விடுபட்டவர்களைச் சீர்மரபினர் என்கின்றனர். கர்நாடகத்தில் நாடோடி மக்களுக்கு அரசு வழங்கும் பெயர் 'அலெமாரி'. நம் 'அலை' அதில் இருப்பதைக் காண்க.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நாம் நிற்கின்ற மண்ணைப் பார்க்க வேண்டும். நஞ்சன்கூடு நடந்து வந்தவர்களால் ஆன ஊர். கபிலையும் கௌண்டினியும் கூடும் இடம் இது. கபிலை இங்கிருந்து சென்று திருமகூடலில் காவிரியோடு சேர்ந்து, நாம் விட்டுவந்த ஊர்களுக்கே போகிறது. நஞ்சுண்ட பெருமானைக் காண வருபவர்கள் கூட்டம் பங்குனித் தேரின்போது ஊர் கொள்ளாது. ஐந்து தேர்கள் ஓடும். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் இப்பகுதிக்கு வந்தனர். தலைக்காட்டுக்கு இராஜராஜபுரம் என்று பெயரிட்டனர். ஒரு நூற்றாண்டு கழிந்து ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அவர்களை வெளியேற்றினான். படை போயிற்று, இந்நாட்டுக் கோயில்களில் தமிழ்க் கல்வெட்டுகள் நின்றுவிட்டன.

கோயிலுக்குள் சென்றால் திருச்சுற்றில் அறுபத்து மூவர் வரிசையாக நிற்கின்றனர். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் நிறுவிய திருவுருவங்கள் அவை. நாவுக்கரசரும் ஞானசம்பந்தரும் சுந்தரரும் வாழ்நாளெல்லாம் நடந்தவர்கள். அவர்கள் பாடிய தலங்கள் இருநூற்று எழுபதுக்கு மேற்பட்டவை. காரைக்காலம்மையார் தலையாலேயே நடந்தார் என்பது வரலாறு. அவர்கள் பாடிய தெய்வமும் ஓடேந்தி வீடுதோறும் பலிக்குத் திரிந்த தெய்வமே. அத்தனை நடந்தவர்கள் இங்கே, கன்னட நாட்டில், கால் ஓய்ந்து நிற்பதைப் பார்க்கும்தோறும் நமக்கு ஓர் உறவு தோன்றுகிறது. இதே நஞ்சன்கூடு வட்டத்தில் உள்ள சுத்தூர் மடம் வீரசைவர்களுடையது. அவர்கள் தம் குருவைச் சங்கமர் என்பர். ஜங்கம என்றால் இயங்குவது, செல்வது என்று பொருள். நிலைத்து நிற்கும் கோயிலினும் நடந்து செல்லும் அடியவரே மேல் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணர் நிலைநாட்டினார். தறியில் கட்டுண்பதே முறை என்னும் எண்ணத்துக்கு நேர் எதிரான எண்ணம், நம் பக்கத்து வீட்டுக்காரர்களின் சமயத்திலேயே எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது.

நம்மவர் இங்கு வந்த வழியும் திருப்பங்கள் நிறைந்தது. மைசூரிலிருந்து நஞ்சன்கூட்டுக்கு 1891-இல் ரயில் வந்தது. 1926-இல் சாமராஜநகருக்கு நீண்டது. இன்றளவும் அங்கேயே நிற்கிறது. ஈரோடு, கோவைப் பக்கத்தார் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலையின் 27 கொண்டையூசி வளைவுகளையும் ஏறித்தான் வரவேண்டும். கொள்ளேகாலத்தார்க்கு அந்த அலைச்சலும் இல்லை. கோவை மாவட்டத்தில் இருந்த அவர்களுடைய வட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. முதல் நாள் இரவு தமிழகத்தில் படுத்தவர்கள், மறுநாள் எழுந்தபோது வேறு மாநிலத்தில் இருந்தனர். திரியாமலே பரதேசியானவர்கள் அவர்கள்!

இனி நம் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்லி விடலாம். ஆலை ஒன்று மூடப்பட்டது. நெசவுப் பகுதியில் இருபது ஆண்டு வேலை பார்த்த அன்பர் ஒருவர் வீட்டில் உட்கார முடியாமல், விடிந்ததும் புறப்பட்டுப் போய் இருட்டிய பின் வருவார். கபிலையின் பழைய பாலத்தின்மேல் நிற்பார், ரயிலடிக்குப் போவார், தேரடியில் உட்காருவார். எங்கே போய்வருகிறீர் என்றால் விடை இராது. அவர் தறி நின்று போயிற்று. தறிகெட்டவர் என்னும் சொல்லை அவரிடத்தில் நினைக்கவும் நமக்குக் கூசும். பெயர்த்துக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்று உறவினர் எழுதினர். ஊரில் வீடும் இல்லை, நிலமும் இல்லை.

ஒரு நாள் குழாயடியில் அவர் மனைவி, அடுத்த வீட்டுக் கன்னட அம்மையாரிடம் வாய்விட்டு அழுதார். "இப்படிப் பித்துப் பிடித்தவர் மாதிரி திரிகிறாரே, நான் என்ன செய்வேன்?" என்றார். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மையார் சொன்னது இவ்வளவே: "திருகலி பிடி. திருகி பர்த்தாரெ." சுற்றட்டும், விடுங்கள், திரும்பி வருவார் என்பது பொருள். சுற்றுவதற்கும் திரும்புவதற்கும் அவர் வாயில் சொல் ஒன்றாகவே வந்தது. அகராதியில் நாம் பின்னால் கண்டதை அன்று குழாயடியில் முதலில் கேட்டோம்.

ஏழெட்டுத் திங்களுக்குப் பின் அவருக்கு மைசூரில் இரவுக் காவல் வேலை கிடைத்தது. மாலையில் போய் விடியற்காலையில் முதல் பஸ்ஸில் வருவார். வாசல் தெளித்துக்கொண்டிருக்கும் அடுத்த வீட்டு அம்மையார் அவரைக் கண்டதும், "திருகி பந்த்ரா?" என்று கேட்பார். சுற்றிவிட்டு வந்தீர்களா என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். திரும்பி வந்தீர்களா என்றும் கொள்ளலாம். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "திரும்பிட்டேன், அக்கா" என்பார்.